போர் விமானக் கொள்முதல் செய்தியைப் படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

“97 தேஜஸ் விமானங்கள் வாங்க ஒப்புதல்” என்று காலையில் ஒரு தலைப்பு வரும். மதியத்துக்குள் ஒரு தரப்பு இனிப்பு கொடுக்கும், இன்னொரு தரப்பு ஊழல் என்று கிளம்பும். இரண்டு பேரையும் நிறுத்தி “முதல் விமானம் எப்போது வரும்?” என்று கேட்டால் பதில் வராது.

செய்தி டெஸ்க்கில் பல வருடங்கள் இந்த மாதிரி அறிவிப்புகளைத் தமிழாக்கியிருக்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். அவர்கள் தடுக்கி விழுவது அறிவுக் குறைவால் இல்லை, வரிசை மாறுவதால்தான். அரசியலில் ஆரம்பித்து, விலைக்கு வந்து, சண்டையோடு நின்றுவிடுவார்கள். படி, எண்ணிக்கை, தேவை, வழி, விலை, பணம், டெலிவரி, அப்புறம்தான் அரசியல் என்று போனால் சண்டையில் பாதி தானாகவே அடங்கிவிடும். ஏன் அப்படி என்பதை ஒவ்வொரு இடத்திலும் சொல்கிறேன். நம் கண்ணில் அதிகம் படுவது இந்தியக் கொள்முதல் என்பதால் உதாரணங்களும் பெரும்பாலும் அங்கிருந்தே.

## 1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு நோட்டு அல்லது எக்செல் ஷீட். அதில் ஏழு பத்திகள்: தேதி, படி, எண்ணிக்கை, வாங்கும் வழி, தொகை, அந்தத் தொகைக்குள் என்னென்ன அடக்கம், மறுபடி பார்க்க வேண்டிய தேதி. கடைசிப் பத்தியைப் பலர் விட்டுவிடுவார்கள். இந்த வேலைக்கு முதுகெலும்பே அதுதான்.

அடுத்து, மூலம். பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் (பி.ஐ.பி.) அறிக்கையை முதலில் படியுங்கள், தொலைக்காட்சி விவாதத்தை அப்புறம் பார்க்கலாம். பாதுகாப்பு அமைச்சகத்தின் ‘டி.ஏ.பி. 2020’ என்ற கொள்முதல் நடைமுறை நூல் 2020 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதை முழுக்கப் படிக்க வேண்டாம், முதல் இரண்டு அத்தியாயம் போதும். புதிய பதிப்பு வந்திருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பழைய ஒப்பந்தங்களை அவை நடந்த காலத்து விதிகளோடுதான் ஒப்பிட வேண்டும்.

டி.பி.எம். என்று இன்னொரு கையேடும் கண்ணில் படும். அது எரிபொருள், உதிரிபாகம், பழுதுபார்ப்பு போன்ற வருவாய்ச் செலவுக்கானது. புது விமானம் வாங்குவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெயர் ஒத்துப்போவதால் இரண்டையும் குழப்பி எழுதுகிறவர்கள் உண்டு.

இவை தவிர பட்ஜெட்டின் பாதுகாப்பு மூலதனச் செலவுப் பக்கம், பாதுகாப்புக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கை, தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சி.ஏ.ஜி.) அறிக்கை, ஒப்பந்த நாளின் யூரோ, டாலர் மதிப்பு ஆகியவையும் வேண்டும்.

## 2. செய்தி எந்தப் படியில் நிற்கிறது?

முதல் வேலை இதுதான். விலையைப் பார்க்கும் முன், எண்ணிக்கையைப் பார்க்கும் முன், இந்தச் செய்தி ஏணியின் எத்தனையாவது படி என்று குறியுங்கள். படி தெரியாவிட்டால் விலைக்கு அர்த்தம் இல்லை. கீழ்ப்படியில் சொல்லப்படும் தொகை வெறும் மதிப்பீடு, மேல்படியில் சொல்லப்படுவது கையெழுத்தான கணக்கு.

ஏணி ஏறத்தாழ இப்படி இருக்கும். விமானப்படை தனக்கு என்ன வேண்டும் என்று எழுதுகிறது. நிறுவனங்களிடம் தகவல் கேட்கிறார்கள், இது ஆர்.எஃப்.ஐ. பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான பாதுகாப்புக் கொள்முதல் கவுன்சில் ‘ஆமாம், இது தேவைதான்’ என்று ஏற்கிறது, இதை டெல்லியில் ஏ.ஓ.என். என்பார்கள். பிறகு விலைப்புள்ளி கேட்கும் டெண்டர், அதாவது ஆர்.எஃப்.பி. அதன்பின் தொழில்நுட்ப மதிப்பீடு, பறக்கவிட்டுச் சோதனை, விலைப் பேச்சு. பிரதமர் தலைமையிலான பாதுகாப்பு விவகார அமைச்சரவைக் குழுவின் ஒப்புதல். கடைசியில் ஒப்பந்தக் கையெழுத்து.

மேலே சொன்ன 97 தேஜஸையே எடுத்துக்கொள்வோம். 2023 நவம்பரில் கொள்முதல் கவுன்சில் தேவையை ஏற்றது. 2024 ஏப்ரலில், தேஜஸைக் கட்டும் அரசு நிறுவனமான எச்.ஏ.எல்.லுக்கு டெண்டர் போனது. 2025 ஆகஸ்டில் அமைச்சரவைக் குழு ஒப்புக்கொண்டது. 2025 செப்டம்பர் 25 அன்று கையெழுத்து. நான்கு தடவையும் ‘97 விமானங்கள் வாங்குகிறது இந்தியா’ என்ற பொருளில் தலைப்பு வந்தது. கூட்டிப் பார்த்தால் 388 விமானம் வாங்கியாயிற்று! வந்து நின்றது ஒன்றுமில்லை.

நானும் மாட்டியிருக்கிறேன். வேலை பார்த்த ஒரு பத்திரிகையில் ஏ.ஓ.என். செய்திக்கு ‘வாங்கியது’ என்று தலைப்பு வைத்தேன். மறுநாள் ஓய்வுபெற்ற விமானப்படைக்காரர் ஒருவர் போன் போட்டு, “தம்பி, பொண்ணு பார்க்கப் போனதுக்கே கல்யாணச் சாப்பாடு போட்டுட்டீங்களே” என்றார். அதற்குப் பிறகு வினைச்சொல்லில் கவனமாக இருக்கிறேன்.

ஏணியில் ஏறியவர்கள் எல்லாரும் உச்சிக்குப் போவதில்லை. 126 பல்திறன் போர் விமானங்களுக்கான டெண்டர் 2007 ஆகஸ்டில் வந்தது. ஆறு விமானங்கள் போட்டியிட்டன: அமெரிக்காவின் எஃப்-16, எஃப்-18, ரஷ்யாவின் மிக்-35, சுவீடனின் கிரிப்பென், ஐரோப்பாவின் டைஃபூன், பிரான்சின் ரஃபேல். பெங்களூரு, வெயிலுக்கு ஜெய்சால்மர், குளிருக்கும் உயரத்துக்கும் லே என்று சோதனை நடந்தது. 2011 ஏப்ரலில் இரண்டு மிஞ்சின. 2012 ஜனவரி 31 அன்று ரஃபேல்தான் எல்-1, அதாவது குறைந்த விலைப்புள்ளி, என்று சொன்னார்கள். ‘இந்தியா 126 ரஃபேல் வாங்குகிறது’ என்று எல்லாரும் எழுதினார்கள். விலைப் பேச்சு மூன்று வருடம் இழுத்தது. 2015இல் அந்த டெண்டரே திரும்பப் பெறப்பட்டது. 126இல் ஒன்றுகூட வரவில்லை.

அடிக்கடி நடக்கும் தவறு: ‘ஒப்புதல்’ என்ற ஒரே சொல்லை எல்லாப் படிக்கும் போடுவது. யார் கொடுத்த ஒப்புதல் என்று எழுதாமல் அந்தச் சொல்லைத் தொடாதீர்கள்.

## 3. எண்ணிக்கையைப் பிரியுங்கள்

இந்திய விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்ட போர்ப் படைப்பிரிவுகள் (ஸ்குவாட்ரன்கள்) 42. 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 ஓய்வு பெற்றபின் கையில் மிஞ்சியது 29. இந்த இடைவெளிதான் எல்லாக் கொள்முதல் வாதங்களுக்கும் அடி. ஆகவே விமான எண்ணிக்கையை எப்போதும் படைப்பிரிவாக மாற்றிப் பாருங்கள்.

மாற்றும்போது அவசரப்படாதீர்கள். ஒரு படைப்பிரிவுக்கு 18 என்று வைத்து, 2021இல் ஒப்பந்தமான 83 தேஜஸ் எம்.கே.1ஏ-வையும் 2025இன் 97-ஐயும் கூட்டி, 180-ஐ வகுத்து, பத்துப் படைப்பிரிவு என்று போட்டுவிடுவார்கள். உள்ளே பாருங்கள். 83இல் ஒற்றை இருக்கை 73, பயிற்சிக்கான இரட்டை இருக்கை 10. 97இல் 68, 29. ஒற்றை இருக்கை மொத்தம் 141தான். படைப்பிரிவுக்கு 16 ஒற்றை இருக்கை விமானம் என்ற வழக்கப்படி வகுத்தால் ஒன்பதுகூட முழுசாக வராது. விபத்து, பராமரிப்பு என்று ஒதுக்கி வைப்பது வேறு.

அடுத்து கழித்தல். இந்த விமானங்கள் வந்து சேரும் வருடங்களில் ஜாகுவார், மிக்-29, மிராஜ் 2000 என்று பழையவை ஓய்வுக்குப் போகும். ஓட்டை டிரம்மில் தண்ணீர் ஊற்றுகிற கணக்கு இது. ஊற்றுவதை மட்டும் எழுதினால் பாதிச் செய்தி.

## 4. தேவைக் குறிப்பை யார் எழுதியது, யார் திருத்தியது?

இது சின்னப் படிதான். ஆனால் பெரிய சண்டைகள் முளைக்கும் இடம் இது. எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம், எவ்வளவு சுமை என்று எழுதும் தரக்குறிப்புதான் யார் போட்டியில் இருப்பார், யார் வெளியே போவார் என்பதைத் தீர்மானிக்கிறது. விலைப்புள்ளி திறக்கும் முன்பே பாதி முடிவு இங்கே எடுக்கப்பட்டுவிடுகிறது.

மிக முக்கியப் பிரமுகர்களுக்கான 12 ஹெலிகாப்டர்களின் கதையைப் பாருங்கள். முதலில் கேட்ட பறக்கும் உயரம் 6,000 மீட்டர். அந்த அளவுக்கு ஒரே ஒரு ஹெலிகாப்டர்தான் தேறியது. போட்டி வேண்டும் என்று 4,500 மீட்டராகக் குறைத்தார்கள். 2010 பிப்ரவரியில் அகஸ்டாவெஸ்ட்லேண்டுடன் ஒப்பந்தம், மதிப்பு சுமார் 3,500 கோடி ரூபாய். அப்புறம் லஞ்சப் புகார் வெடித்து, 2014 ஜனவரியில் ஒப்பந்தம் ரத்தானது. போட்டியை விரிக்கத்தான் உயரத்தைக் குறைத்தோம் என்றது ஒரு பக்கம். ஒரு நிறுவனத்தை உள்ளே நுழைக்கத்தான் குறைத்தார்கள் என்றது சி.பி.ஐ. திருத்தம் ஒன்றே, சொல்லப்பட்ட காரணம் இரண்டு.

ஆகவே நோட்டில் எழுத வேண்டியது: குறிப்பு மாறியதா, எந்தத் தேதியில், அதற்கு முன் எத்தனை பேர் தேறினார்கள், பின் எத்தனை பேர். காரணத்தை நீங்களாக ஊகிக்க வேண்டாம்.

## 5. எந்த வழியில் வாங்குகிறார்கள்?

விலைக்கு முன்னால் இதைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. வழி மாறினால் ‘விலை’ என்ற சொல்லின் பொருளே மாறும்.

போட்டி டெண்டர். தரத்தில் தேறியவர்களுள் குறைந்த விலைக்காரர் ஜெயிப்பார். வெளிப்படையானது, ஆனால் ஆமை வேகம். 126 விமான டெண்டரில் வாங்கும் விலையோடு ஆயுள் முழுக்க ஓட்டும் செலவையும் சேர்த்துத்தான் எல்-1 பார்த்தார்கள். பிறகு, இந்தியாவில் எச்.ஏ.எல். கட்ட வேண்டிய 108 விமானங்களுக்கு யார் பொறுப்பு, அதற்கு எத்தனை மணி நேர உழைப்பு என்பதில் பேச்சு முட்டியது. பிரெஞ்சுக் கணக்கைவிட எச்.ஏ.எல்.லுக்கு 2.7 மடங்கு மனித உழைப்பு தேவைப்படும் என்பது பிறகு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவானது. எல்-1 ஆகிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்கவும்.

அரசுக்கும் அரசுக்கும். 2015 ஏப்ரல் 10 அன்று பாரிசில் 36 ரஃபேல் அறிவிக்கப்பட்டு, 2016 செப்டம்பர் 23 அன்று கையெழுத்தானது இந்த வழியில். வேகம் அதிகம், போட்டி இல்லை. ஆகவே விலை சரியா என்று பார்க்கப் பக்கத்து விலைப்புள்ளி இருக்காது. உத்தரவாதம் என்ன என்றும் கேளுங்கள். பிரான்ஸ் கொடுத்தது அரசு உத்தரவாதம் அல்ல, ‘ஆறுதல் கடிதம்’ என்று சொல்லத்தக்க ஒன்று. இதை சி.ஏ.ஜி.யும் சுட்டிக்காட்டியது.

அமெரிக்க எஃப்.எம்.எஸ்., அதாவது வெளிநாட்டு ராணுவ விற்பனை. இதில் நாம் நிறுவனத்திடம் வாங்குவதில்லை, அமெரிக்க அரசு வாங்கித் தருகிறது. அவர்களுடைய நாடாளுமன்றத்துக்கு முன்கூட்டியே ஒரு அறிவிப்பு போகும். 31 எம்.க்யூ-9பி டிரோன்களுக்கு 2024 பிப்ரவரியில் 399 கோடி டாலர் என்று போனது. அது உச்சவரம்பு மதிப்பீடு. ஒப்பந்தம் கையெழுத்தானது அக்டோபர் 15 அன்று. நடுவில் உள்ள எட்டு மாதமும் ‘400 கோடி டாலருக்கு டீல் முடிந்தது’ என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். சுவிட்சர்லாந்தின் பாடு இன்னும் வேடிக்கை. புதுப் போர் விமானங்களுக்கான 600 கோடி பிராங்க் வரம்புக்கு 2020 வாக்கெடுப்பில் 50.1 சதவீத மக்கள் சரி சொன்னார்கள். அமெரிக்காவின் 36 எஃப்-35 போர் விமானங்களை நிலையான விலைக்குத்தான் வாங்கியிருக்கிறோம் என்று அரசு சொல்லிக்கொண்டே இருந்தது. 2025இல் அமெரிக்கா ‘அப்படி இல்லை’ என்றது.

உள்நாட்டு நேரடி ஆர்டர். தேஜஸ் இப்படித்தான் எச்.ஏ.எல்.லுக்குப் போகிறது. டெண்டர் என்ற பெயர் இருந்தாலும் போட்டியாளர் கிடையாது. இங்கே கேட்க வேண்டிய கேள்வி தாமதத்துக்கு அபராதம் உண்டா என்பதுதான்.

## 6. விலை: ஒரே விமானம், மூன்று எண்கள்

இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கால்குலேட்டர் பக்கத்தில் இருக்கட்டும்.

முதலில் பில்லியன். ஒரு பில்லியன் என்றால் நூறு கோடி. 36 ரஃபேலின் ஒப்பந்தம் 7.87 பில்லியன் யூரோ, அதாவது 787 கோடி யூரோ. அன்று யூரோ சுமார் 75 ரூபாய். பெருக்கினால் 59,000 கோடி ரூபாய் வருகிறது. சரி. இதை 36ஆல் வகுத்தால் விமானத்துக்கு 1,639 கோடி.

2016 நவம்பரில் மக்களவையில் அரசு சொன்ன விலை விமானத்துக்குச் சுமார் 670 கோடி. காங்கிரஸ் மேடைக்கு மேடை சொன்னது வேறு: “எங்கள் பேரத்தில் 526 கோடி, இவர்களுடையதில் 1,670 கோடி.” மூன்று எண்ணையும் ஒரே பலகையில் எழுதி ‘எது பொய்?’ என்று கேட்டால் புதியவர்கள் உடனே ஒரு கட்சியைப் பிடித்துக்கொள்வார்கள். கேட்க வேண்டியது ‘எதைச் சேர்த்து?’ என்று.

670 என்பது வெறும் விமானம். ஆயுதம், இந்தியாவுக்கென்று செய்த மாற்றங்கள், பராமரிப்பு, சேவை எதுவும் அதில் இல்லை என்று பிறகு அரசே மாநிலங்களவையில் விளக்கியது. 670-ஐ 36ஆல் பெருக்கினால் 24,120 கோடி. ஒப்பந்தத்தின் மீதி 35,000 கோடிக்குச் சற்றுக் குறைவான தொகை அந்த மற்றவற்றுக்கு. 1,600 சொச்சம் என்பது எல்லாவற்றையும் விமானத்தின் தலையில் ஏற்றிய கணக்கு. 526 என்பது முந்தைய டெண்டர் காலத்து எண். அந்தப் பேரத்தில் 18 மட்டும் பறந்து வர வேண்டியவை, 108 இங்கே கட்டப்பட வேண்டியவை. வருடம் வேறு, யூரோ மதிப்பு வேறு, கூடையில் உள்ள சாமான் வேறு. வீட்டுக்காரம்மா வெறும் அரிசி விலை சொல்ல, பக்கத்து வீட்டுக்காரர் மளிகை பில்லைக் காட்டிச் சண்டை போட்ட கதைதான்.

ஒரே கூடையாக்கி ஒப்பிட முயன்றது சி.ஏ.ஜி. 2019 பிப்ரவரி 13 அன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கையில், பழைய விலைப்புள்ளியைச் சமன்செய்து பார்த்தால் புதிய ஒப்பந்தம் 2.86 சதவீதம் குறைவு என்றது. மூன்று மடங்கு கொள்ளை என்ற பிரசாரத்துக்கும் அது ஒத்துவரவில்லை, பெரிய மிச்சம் பிடித்தோம் என்ற பேச்சுக்கும் ஒத்துவரவில்லை. விலை விவரங்கள் அந்த அறிக்கையில் மறைக்கப்பட்டிருந்தன. ஆகவே அந்த 2.86-ஐ நாம் உட்கார்ந்து சரிபார்க்க முடியாது. அதையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு ஒன்று. 2025 ஏப்ரல் 28 அன்று கடற்படைக்கு 26 ரஃபேல்-எம் ஒப்பந்தமானது, சுமார் 63,000 கோடி ரூபாய். ‘36க்கு 59,000, 26க்கு 63,000, இது என்ன நியாயம்?’ என்று வாட்ஸ்அப்பில் வரும். பதில் எழுதும் முன் மூன்று விஷயம் பாருங்கள். யூரோ 75 ரூபாயிலிருந்து 95-ஐத் தாண்டிவிட்டது. இது விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கும் வகை. பி.ஐ.பி. அறிக்கையின் உள்ளே, பயிற்சி, சிமுலேட்டர், ஆயுதம், பராமரிப்போடு, விமானப்படையிடம் ஏற்கெனவே உள்ள ரஃபேல்களுக்கான கூடுதல் கருவிகளும் இதே தொகையில் அடக்கம் என்று ஒரு வரி இருக்கிறது. தலைப்பை மட்டும் படித்தவர் கண்ணில் அது படாது.

அடிக்கடி நடக்கும் தவறு: ஒப்பந்தத் தொகையை எண்ணிக்கையால் வகுத்து ‘ஒரு விமானத்தின் விலை’ என்று எழுதுவது. வகுத்தே ஆக வேண்டுமென்றால் ‘எல்லாம் சேர்த்து’ என்ற இரண்டு சொல்லையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.

## 7. பணம் இந்த வருடமே போகிறதா?

போகாது. 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் முப்படைகளின் மூலதனச் செலவு 1.80 லட்சம் கோடி. அதற்குள்ளே விமானங்கள், விமான எஞ்சின்கள் என்ற தலைப்பில் 48,614 கோடி. 97 தேஜஸின் ஒப்பந்தம் மட்டுமே வரி நீங்கலாக 62,370 கோடி. ஒரு வருடத்துக்கான மொத்த விமானக் காசையும் கொட்டினாலும் பத்தாது.

ஆகவே முன்பணம், பிறகு கட்டம் கட்டமாகத் தவணை என்று பல வருடம் ஓடும். பழைய ஒப்பந்தங்களின் தவணையும் இதே 48,000 கோடியிலிருந்துதான் போக வேண்டும். வீட்டுக் கடன், வண்டிக் கடன் எல்லாம் போக மாதக் கடைசியில் என்ன மிஞ்சும் என்று பார்க்கிற வேலை. புது ஒப்பந்தச் செய்தி வந்ததும் நிலைக்குழு அறிக்கையில் ‘ஏற்கெனவே ஒப்புக்கொண்ட பொறுப்புகள்’ என்ற பகுதியைத் தேடுங்கள். ஏன் சில திட்டங்கள் ஏணியின் நடுவில் வருடக்கணக்கில் தொங்குகின்றன என்பதற்கு அங்கே பதில் இருக்கும்.

## 8. டெலிவரி: எஞ்சினைத் தேடுங்கள்

விமானம் ‘வந்தது’ என்பதற்கும் நிறைய அர்த்தம். முதல் ரஃபேல் 2019 அக்டோபர் 8 அன்று பிரான்சில் ஒப்படைக்கப்பட்டது. ராஜ்நாத் சிங் பூஜை போட்ட படம் ஞாபகம் இருக்கும். முதல் ஐந்து விமானம் அம்பாலாவில் இறங்கியது 2020 ஜூலை 29. முறைப்படி படையில் சேர்ந்தது செப்டம்பர் 10. 36ஆவது வந்தது 2022 டிசம்பர். எந்தத் தேதியைச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுச் சொல்லுங்கள்.

படைப்பிரிவு தொடங்கியாயிற்று என்றாலும் 18 விமானம் நிற்கிறது என்று பொருளில்லை. இப்போது கோவை சூலூரில் இருக்கும் முதல் தேஜஸ் படைப்பிரிவு, 2016 ஜூலையில் பெங்களூருவில் இரண்டே விமானத்தோடுதான் தொடங்கியது.

தாமதத்துக்குக் காரணம் தேடும்போது விமானத் தொழிற்சாலையோடு நிற்காதீர்கள், எஞ்சின் வரை போங்கள். 83 தேஜஸுக்கான ஒப்பந்தம் 2021 பிப்ரவரியில். முதல் விமானம் 2024 மார்ச்சில் வர வேண்டும். அதற்கான 99 எஃப்-404 எஞ்சின்களை அமெரிக்காவின் ஜி.ஈ.யிடம் 2021 ஆகஸ்டில் ஆர்டர் செய்தார்கள். அந்த எஞ்சினைச் செய்யும் வரிசையையே ஜி.ஈ. மூடி வைத்திருந்தது. திரும்பத் திறந்து, சப்ளையர்களைப் பிடித்து, முதல் எஞ்சின் கைக்கு வந்தது 2025 மார்ச்சில். முதல் விமானம் வந்திருக்க வேண்டிய நாளுக்கு ஒரு வருடம் கழித்து முதல் எஞ்சின்! பழி முழுக்க எஞ்சின் மேலும் இல்லை. ஆயுதம், மின்னணுக் கருவிகளின் சோதனைகளும் இழுத்தன. 2025 மே மாதம் விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங் மேடையிலேயே, தான் யோசித்துப் பார்த்த வரை ஒரு திட்டம்கூடக் குறித்த நேரத்தில் முடியவில்லை என்றார். சீருடையில் இருப்பவர் அப்படிப் பேசினால் நோட்டில் சிவப்பு மையில் எழுதுங்கள்.

## 9. இப்போது அரசியல்

இவ்வளவும் குறித்தபிறகு அரசியலுக்கு வந்தால், குற்றச்சாட்டு எந்தப் பெட்டிக்குப் போகும் என்று உடனே தெரியும். நடைமுறையா, விலையா, வெளிநாட்டு நிறுவனம் தேர்ந்தெடுக்கும் இந்தியக் கூட்டாளி நிறுவனமா? ரஃபேல் வழக்கை உச்ச நீதிமன்றம் இந்த மூன்று தலைப்பில்தான் பார்த்தது. 2018 டிசம்பர் 14 அன்று மனுக்களைத் தள்ளியது. நடைமுறையில் தலையிடக் காரணமில்லை என்றது. கூட்டாளித் தேர்வில் ஒருவருக்குச் சலுகை காட்டியதற்கு வலுவான ஆதாரமில்லை என்றது. விலையை ஒப்பிட்டுப் பார்ப்பது தன் வேலை இல்லை என்றது. மறுசீராய்வு மனுக்களும் 2019 நவம்பரில் தள்ளுபடி. ‘விலை சரிதான் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது’ என்பவரும் தப்பு, ‘ஊழல் நிரூபணமானது’ என்பவரும் தப்பு.

அந்தத் தீர்ப்பில் ஒரு வாக்கியம் இருக்கிறது. சி.ஏ.ஜி. அறிக்கையை நாடாளுமன்றத்தின் பொதுக்கணக்குக் குழு ஆராய்ந்துவிட்டது என்று. அப்போது அந்த அறிக்கை வெளியே வரவே இல்லை. மறுநாளே அரசு திருத்தம் கேட்டு மனு போட்டது. உறையிட்டுக் கொடுத்த குறிப்பில் ‘குழு ஆராயும்’ என்று வழக்கமான நடைமுறையைத்தான் சொன்னோம், நடந்து முடிந்ததாகச் சொல்லவில்லை என்பது விளக்கம். ‘ஆராயும்’ என்பதற்கும் ‘ஆராய்ந்தது’ என்பதற்கும் இடையில் நாடே இரண்டு நாள் சண்டை போட்டது. இரண்டாவது பகுதியில் வினைச்சொல்லைக் கவனிக்கச் சொன்னேன் அல்லவா, நீதிமன்ற அறை வரைக்கும் அந்த விஷயம் போகும்.

கூட்டாளிப் பெட்டியில் பெரும்பாலும் ஆஃப்செட் இருக்கும். வெளிநாட்டு நிறுவனம் ஒப்பந்தத் தொகையில் ஒரு பங்குக்கு இங்கே முதலீடோ கொள்முதலோ செய்ய வேண்டும் என்ற நிபந்தனை அது. 36 ரஃபேலில் அது 50 சதவீதம். யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்று சண்டை போடுவார்கள், செய்தார்களா என்று யாரும் பார்ப்பதில்லை. 2018 டிசம்பருக்குள் முடிந்திருக்க வேண்டிய 19,223 கோடி ஆஃப்செட்டில், நிறுவனங்கள் செய்ததாகச் சொன்னதே 11,396 கோடிதான் என்று சி.ஏ.ஜி. 2020இல் எழுதியது. டி.ஏ.பி. 2020 வந்தபோது அரசுக்கு அரசு ஒப்பந்தங்களில் ஆஃப்செட்டே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். புதிய ஒப்பந்தச் செய்தியில் ‘ஆஃப்செட் எங்கே?’ என்று கேட்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

தொழிற்சாலை எங்கே வருகிறது என்பதும் அரசியல்தான். 56 சி-295 சரக்கு விமானங்களில் 40-ஐ டாடாவும் ஏர்பஸ்ஸும் வதோதராவில் கட்டுகின்றன. அடிக்கல் 2022 அக்டோபர் 30 அன்று, குஜராத் தேர்தலுக்குச் சில வாரம் முன்பு. நாக்பூருக்கு வரும் என்று காத்திருந்த மகாராஷ்டிரத்தில் அது எதிர்க்கட்சிகளின் ஆயுதமானது. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து முனை இருக்கின்றன. நம் தலைவர்கள் ஒரு ஒப்பந்தத்தைப் பாராட்டும்போதும் திட்டும்போதும் இந்த ஐந்து ஊரில் எதற்கு என்ன வரும் என்று ஒரு கண் வையுங்கள்.

கடைசியாக வெளிநாடு. விமானம் விற்பவர் பல வருடம் நம் வீட்டுச் சாவியின் ஒரு நகலை வைத்திருப்பார். உதிரிபாகம், மென்பொருள், எஞ்சின் எல்லாம் அவர் கையில். ரஷ்யாவின் எஸ்-400 ஏவுகணை வாங்கியதற்காகத் துருக்கியை 2019இல் எஃப்-35 திட்டத்திலிருந்தே அமெரிக்கா வெளியேற்றியது. அதே எஸ்-400-ஐ இந்தியாவும் 2018இல் ஒப்பந்தம் செய்திருக்கிறது, தேஜஸுக்கு அமெரிக்க எஞ்சினும் வாங்குகிறது. எந்த விமானம் நல்லது என்று மட்டும் விவாதிப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பியே பார்ப்பதில்லை.

## 10. கடைசிப் பத்தியை நிரப்புங்கள்

மறுபடி பார்க்க வேண்டிய தேதி. 97 தேஜஸ் ஒப்பந்தப்படி டெலிவரி 2027-28இல் தொடங்கி ஆறு வருடத்தில் முடிய வேண்டும். ஆகவே முதல் தேதி 2028 ஏப்ரல் 1. ரஃபேல்-எம் 2030க்குள் முடிய வேண்டும், அதற்கு 2031 ஜனவரி. போன் காலண்டரில் இப்போதே போட்டுவிடுங்கள். அன்று மணி அடிக்கும்போது நோட்டைத் திறந்து, எத்தனை விமானம் வந்து நிற்கிறது என்று ஒரே ஒரு எண்ணை எழுதுங்கள்.